செவப்புக் குஞ்சுக்குக் கீழே

ஐப்பசி, 1991. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பஸ் பஞ்சர். டிரைவர் ஜாக்கியோடு மல்லுக்கட்டுகிறார். நான் ஏரிக்கரையில் இறங்கி நிற்கிறேன். எங்கோ வடக்கே ஒரு குளிர்க்கடலில், மீன்பிடிக் கப்பலில், ஒரு வருஷம் ஆராய்ச்சி வேலை பார்த்துவிட்டு நேற்றுதான் வந்தேன். உதட்டு வெடிப்பு இன்னும் ஆறவில்லை.

தண்ணீரில் ஓரிடம் மட்டும் செக்கச்செவேலென்று கொதிக்கிறது. விரால் குஞ்சுகள். தூண்டிலோடு குந்தியிருக்கிறவரிடம் ஆர்வமாகக் கை காட்டுகிறேன். எல்லப்பன் என்று பேர் சொன்னவர், தூண்டிலை வேறு பக்கம் வீசுகிறார்.

"குஞ்சுக்குக் கீய ஆத்தா மீனு நிக்கிது சார். போட்டா ஒடனே கடிக்கும். அத்த எடுத்துட்டா குஞ்ச மத்த மீனு துன்னுடும். குஞ்சு பிரியற வரிக்கும் இங்க எவனும் போட மாட்டான்."

எனக்குச் சுருக்கென்கிறது. அந்தக் கடலில் மீன்கள் முட்டையிடக் கூட்டமாகச் சேரும் இடத்தைக் கருவி வைத்துக் கண்டுபிடித்து, அங்கேயே வலை இழுப்பார்கள் என்கிறேன். அங்கே வரவர மீனும் சிறுத்துவிட்டது, தண்ணீரும் பழைய தண்ணீராக இல்லை என்றும் சொல்கிறேன்.

"முட்ட போட்ற நேரத்துலயா புடிப்பானுங்க?" அவர் முகம் சுருங்குகிறது. "நீ இன்னா சார் பண்ணிக்கினு இருந்தே?"

"புடிச்ச மீனை எல்லாம் அளந்து எழுதினேன்."

அவர் திட்டவில்லை. சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விடுகிறார்.

"குந்து சார். உன் நெயலு தண்ணில வுயுது பாரு, ஆத்தா பயந்துக்கும்."