கொட்டிப் பார்த்த கொழுந்து

அன்று தேயிலைத் தோட்டத்தில் பறிக்கையில் எனக்குக் காய்ச்சல். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம்தான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். என் சாக்கில் கொழுந்து கூடியிருந்தது. பக்கத்து நிரையில் நின்றவள், லயத்து வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த காம்பிராக்காரி. பைப்படியில் தண்ணீருக்குப் போட்ட சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாக நாங்கள் பேசுவதில்லை.

“நீதானே போட்ட?”

“ஆமா.”

“முத்தின எலையப் போட்டு, நிறுக்கையில என்னய மாட்டிவிடப் பாக்குறியா?”

“கொட்டிப் பாத்துக்க.”

எல்லார் முன்னாலும் கொட்டிக் கிளறினேன். அத்தனையும் தளிர்.

“சர்ச்சுல கிருபை கிருபைன்னு தொண்ட கிழியப் பாடுற. சும்மா குடுத்தா குத்தம் தேடுறியே!” என்று சிரித்தாள்.

இருவருமாக அள்ளிப் போட்டோம். முழுப் பேர் விழுந்தது. ஏன் கொடுத்தாள் என்று இன்னும் யோசிக்கிறேன். கர்த்தர் கொடுப்பதையும் நான் இப்படித்தான் கிளறிப் பார்த்து வாங்குகிறேன் போல.