ஆட்டு நுரையீரல்

போன மாதம் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒரு குழாயைக் கொடுத்து, மூச்சை இழுத்து ஊதச் சொன்னார்கள். அதிலிருந்த அளவு முள் ஏறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏம்மா சிரிக்கிறீங்க?” என்று அந்தச் சின்ன வயசு டாக்டர் பிள்ளை கேட்டது. கூச்சத்தில் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

தெரணியகலைப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் முனியாண்டிக்கு வருஷம் ஒரு கடா வெட்டுவார்கள். தலை பூசாரிக்கு, தொடை எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளைக்கு, மீதி நாங்கள் குடியிருந்த லயத்துக்கு. நுரையீரலை மட்டும் தோலுரிக்கிற சித்தப்பா எடுத்துவைத்து எங்களுக்கு விளையாட்டுக் காட்டுவார். தொண்டையிலிருந்து இறங்கும் குழாய் வளையம் வளையமாகக் கெட்டியாக இருக்கும். உள்ளே போய் இரண்டு கிளையாகப் பிரியும். அதில் வாய் வைத்து ஊதினால் சுருங்கிக் கிடந்த சதை இரண்டு பக்கமும் பொங்கி எழும்பும். வாயை எடுத்தால் அடங்கிவிடும். “நம்ம நெஞ்சுக்குள்ளயும் இதுதான். நெஞ்சுக்கூடு விரிஞ்சா காத்து தானா உள்ள போயிரும், யாரும் ஊத வேணாம்” என்பார்.

அப்பாவுக்கு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில் வேலை. ராப்பகலாக இருமுவார். அம்மா கேட்டால், “புகை படாத ஷீட்டுதான் பூஞ்சணம் பிடிக்கும். இது புகை போட்ட நெஞ்சு, ஒண்ணும் ஆகாது” என்பார். லயத்தில் பாதிப்பேர் அதை நம்பினார்கள். நானும்தான்.

அந்த வருஷம் சித்தப்பா அப்பாவையும் ஊதச் சொன்னார். அப்பா முகம் கறுக்க ஊதினார். சதை ஓரத்தில் லேசாக அசைந்ததோடு சரி.

“என்னண்ணே, ஆட்டுக்கு மூச்சக் குடுன்னா நீ ஆட்டுக்கிட்டருந்து வாங்குறியே!”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கறுப்பாகத் துப்பினார். தொடைக்காக வந்து நின்ற கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார்.

“என்னடா, நெஞ்சுல சீக்கா?”

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவுக்கு முன்னால் புகையறையில் இருந்தவரிடமும் இதைத்தான் கேட்டார்கள். சீக்காளி என்று வேலைப் பதிவில் அவர் பேரை வெட்டினார்கள். பேர் போனதும் அவர் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போனது.

“அய்யோ, இல்லீங்கையா. சும்மா வெளையாட்டுக்கு ஊதுனாரு. இப்பப் பாருங்க” என்று சித்தப்பா, நுரையீரலைக் கழுவுகிறவர் மாதிரி வாளிப் பக்கம் திரும்பிக் குனிந்தார். அவர் முழங்கைக்குக் கீழே நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது. அவரே ஒரே மூச்சில் ஊதிக் குழாயை விரலால் இறுக்கிக்கொண்டார். பொங்கிய சதையை மற்றக் கையால் மறைத்தபடி குழாயை அப்பா வாயில் வைத்தார். அப்பா கன்னத்தை உப்பினார். சித்தப்பா கையை மெல்ல மெல்ல விலக்கினார். நுரையீரல் முழுசாகத் தெரிந்தது.

“பரவாயில்லியேடா! சரி, புகையறையிலயே நில்லு. மழைக்கு முந்தி ஷீட்டெல்லாம் காயணும்” என்று சொல்லிவிட்டுக் கணக்கப்பிள்ளை தொடையோடு போனார்.

பேர் தப்பியது. காம்பரா தப்பியது. நான்தான் முதலில் கைதட்டினேன். அடுத்த கடா வெட்டுக்கு அப்பா இல்லை. புகையறைக்குச் சித்தப்பா போய்க்கொண்டிருந்தார்.

கைதட்டிய அன்று எங்கள் பங்குக்கு அந்த நுரையீரல்தான் வந்தது. அம்மா அதை அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. ஓடைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டாள். மற்ற ஈரலாக இருந்தால் மூழ்கியிருக்கும். இது காற்றுப் பிடித்த சதை, மிதந்து மிதந்து கல்லைத் தாண்டிப் போனது. அது மறைகிற வரைக்கும் அம்மா அசையாமல் நின்றாள்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். வருஷத்துக்கு ஒருநாள் கிடைக்கிற கறியை இப்படி வீணாக்கிவிட்டாளே என்றுதான் அழுதேன்.