பதில் வராவிட்டால் மறுபடியும்

உள்ளே இருப்பதைத் தொடாமலே ஒன்றைக் காப்பாற்றிவிட முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையில்தான் அவன் பிழைப்பு ஓடியது.

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் போர்வை. மருத்துவமனை மென்பொருளில் யாரோ எப்போதோ எழுதிவைத்த ஃபங்ஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல் துண்டு. பிரித்துப் பார்க்க எவருக்கும் துணிச்சல் இல்லை. அவற்றின் மேல் இன்னொரு ஃபங்ஷனைப் போர்த்துவது அவன் வேலை. உள்ளே இருப்பது தடுமாறினால் மேலே இருப்பது தாங்கிக்கொள்ளும். பெரிய திறமைசாலி என்று சொல்வதற்கில்லை. பயந்தவன், பயம் சில நேரம் திறமையின் வேலையைச் செய்துவிடும்.

புதிதாக ஒன்று எழுதியிருந்தான்: பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்பு. பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்கும் இடத்தில் அது நன்றாகவே உழைத்தது. அந்தத் தெம்பில், மருந்துச் சீட்டை வார்டுக்கு அனுப்பும் ஃபங்ஷன் மேலும் போர்த்திவிட்டான்.

மதியம் நெட்வொர்க் தள்ளாடியது. கணினியின் பதிவுகளைத் திறந்து பார்த்தான். சீட்டு ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில்தான் தாமதம். அவன் போட்ட போர்வை அதையே திரும்பவும் அனுப்பியிருக்கிறது. குழந்தைகள் வார்டு, ஜன்னலோரப் படுக்கை, தூக்க மருந்து. அளவு மீறினால் மூச்சு அடங்கிவிடும்.

அந்த வார்டில் நர்ஸ் அவன் அக்காதான். போன் வெகுநேரம் அடித்த பிறகு ஒருவழியாக எடுத்தாள்.

“என்னடா, வேலை நேரத்துல?”

“அக்கா, ஜன்னலோரக் குழந்தைக்கு மருந்து குடுத்துட்டியா?”

“ஒண்ணு குடுத்தாச்சு. டாக்டர் இன்னொண்ணு போட்டிருக்காரே, அதத்தான் ஊசியில நிரப்பிட்டிருக்கேன்.”

“வேணாங்க்கா! அது டாக்டர் போட்டதில்ல. என் புரோகிராம் ரெண்டு தடவ அனுப்பிடுச்சு.”

மறுமுனையில் ஏதோ குப்பைத் தொட்டியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“மூச்சு நல்லாத்தான் இருக்கு. கதவப் பூட்டிட்டு, பூட்டினோமான்னு திரும்ப ஓடிப்போய்ப் பார்ப்பியே, அதையே மெஷினுக்கும் சொல்லிக் குடுத்துட்டியா?”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “பக்கத்துலயே இரு அக்கா, ப்ளீஸ்.”

“இருக்கேன். நீ மொதல்ல அந்தக் கண்றாவியக் கழட்டு.”

கழற்றினான். மறுநாள் மேலாளர் ஒரு வழி சொன்னார்: சீட்டுக்குச் சீட்டு தனி எண், அதே எண் மறுபடி வந்தால் வார்டின் திரையில் ஏறாது. அவனே எழுதினான். சோதித்தார்கள், பழுதில்லை.

“இனி பயமில்லப்பா. போர்வையத் திரும்பப் போட்டுடு” என்றார் அவர்.

மற்றதையெல்லாம் போர்த்தினான். மருந்துச் சீட்டு அனுப்பும் அந்த ஒன்றை மட்டும் போர்த்தாமலே விட்டான். பதில் வராதபோதெல்லாம் அவன் மேசையில் மணி அடிக்கும். வார்டுக்குப் போன் செய்து, சீட்டு வந்ததா என்று கேட்டுவிட்டு, வரவில்லை என்றால் தன் கையாலேயே அனுப்புவான். ஏன் என்று கேட்டவர்களிடம், “டீ குடிக்கப் போலாமா?” என்பான்.