ஒரே கடையில் வாங்கிய இரண்டு கத்திகள்

என் இடது முன்கையில் ஏறக்குறைய மூன்று வருஷம் ஒரு ரோமம்கூடத் தலைகாட்ட நான் விட்டதில்லை. கத்தி கூராகிவிட்டதா என்று பார்க்க எத்தனையோ வழி உண்டு. நூலை அறுத்துப் பார்க்கலாம். வெற்றிலைக் காம்பை நறுக்கிப் பார்க்கலாம். எங்கள் அண்ணனைப் போலக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, போதும் என்று மடக்கி மடியில் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கவும் போகலாம். எனக்கு அதெல்லாம் போதவில்லை. கையின் மேல் கத்தியை வைத்துச் சும்மா ஓர் இழுப்பு இழுத்தால் ரோமம் தானாக உதிர வேண்டும். மல்லசமுத்திரம் சந்தையில் என் பேர் தெரியாதவர்களும் அந்த வழுக்கைக் கையை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். சிரங்கு என்று நினைத்து ஒருவர் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன்.

கத்தி வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த மறு வருஷம் நானும் அண்ணனும் பூமியைப் பாகம் பிரித்துக்கொண்டோம். வேலி ஓரத்து முருங்கை மரத்துக்காக வெட்டுக்குத்து வரை போன பங்காளிகள் எங்கள் பக்கத்தில் உண்டு. நாங்கள் குரல்கூட உயர்த்தவில்லை. கிணறு மட்டும் பொது. ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் என் முறை. பத்திரம் பதியச் சேலம் போனவர்கள், அந்தப் பெருமை தாங்காமல் கடைவீதியில் ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு மடக்குக் கத்தி வாங்கினோம். சீமைச் சரக்கு. மான்கொம்பு நிறத்தில் பிடி, ஒற்றை அலகு. ஊர் திரும்பும்வரை இரண்டு பேரும் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தோம்.

குடியானவனுக்கு மடக்குக் கத்தி ஆறாவது விரல். காலில் தைத்த முள்ளை எடுக்க, கயிற்றை அறுக்க, பாக்கைச் சீவ, பல்குச்சி ஒடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஆகவே ஒரு மாதத்தில் இரண்டு கத்தியும் மழுங்கின. அண்ணன் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் எச்சில் துப்பி, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று இழுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் தீட்டுவது அவ்வளவுதான். கறகறவென்று ஒரு சத்தம் வரும். பக்கத்தில் நிற்பவருக்குப் பல் கூசும். சீமைக் கத்திக்கு இந்தக் கதியா என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை.

நான் முதலில் நம்பியது ஊறுகாய் ஜாடியை. ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு ஏறாத ஒரு வட்டம் இருக்கும். அதில் தீட்டினால் நைசாக வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மையிலேயே வந்தது. ஆனால் ஜாடி என்னுடையதல்ல.

"ஏனுங்க, நீங்க நெதமும் சாடியக் கவுத்து வெச்சுக்கிட்டா நான் ஊறுகாயை எங்கீங்க போடறது?" என்றாள் என் மனைவி. அதோடு ஜாடியைக் கைவிட்டேன்.

அடுத்து, ஊருக்கு வந்த சாணைக்காரர். காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும். கத்தியை வைத்தால் மத்தாப்பு மாதிரி பொறி பறக்கும். பொறி எவ்வளவு பறக்கிறதோ அவ்வளவு கூர் என்று நினைத்து, "இன்னுங் கொஞ்சம் புடிங்க" என்று நானே கேட்டு வாங்கினேன். அலகின் நுனி நீலம் பாரித்தது. சூட்டில் இரும்பின் பதம் போய்விட்டால் அப்படித்தான் ஆகுமாம். அதை அவர் சக்கரத்தைத் தோளில் தூக்கிக்கொண்ட பிறகுதான் சொன்னார்.

அந்த நீலத்தைத் தேய்த்துப் போக்கச் சீமைக்கல் தேடிச் சேலத்துக்கு ஒரு நடை. ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் வழவழப்பு, அட்டைப் பெட்டிக்குள் ராஜா மாதிரி படுத்திருந்தது. இதற்கு எண்ணெயா தண்ணீரா என்று கேட்டேன். கடைக்காரர் எண்ணெய் என்றார். அவர் கணக்கப்பிள்ளை தண்ணீர் என்றார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வெளியே வந்துவிட்டேன். ஒரு மாதம் விளக்கெண்ணெய், ஒரு மாதம் தண்ணீர் என்று போட்டுப் பார்த்ததில் கல்லின் கண் அடைத்துக்கொண்டு, கத்தி அதன் மேல் வெண்ணெயில் வழுக்குவதுபோல வழுக்கியது.

எங்கள் ஊர் நாவிதர் என் நிலைமையைப் பார்த்து இரங்கினார். "படுக்கப் போட்டு இழுங்க சாமி. நிக்க வெச்சா கத்தி வாய் தடிச்சுப் போகும்" என்று தம் தோல்வாரில் இழுத்துக் காட்டினார். அலகைக் கல்லோடு கல்லாகப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். கடைசியில் வாரில் முன்னும் பின்னும் தடவிப் பிசிறை எடுக்க வேண்டும். பிறகு மரமேறி ஒருவரைப் பிடித்தேன். ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிய புதிது. பதநீர் மட்டும் இறக்கிக்கொண்டிருந்தார். பனம்பாளை சீவுகிற கத்தியைவிடக் கூரான கத்தி எங்கள் சீமையில் கிடையாது. அவர் கல்லையே தொடுவதில்லை. வெங்கச்சாங்கல் என்கிற வெள்ளைக் கல்லை மாவாக இடித்து, மரப்பலகையில் தூவி, அதில் தீட்டுவார். "பலகை கத்தியைக் கடிக்காதுங்க, கல்லு கடிக்கும்" என்றார். நாவிதர் சொன்னதையும் மரமேறி சொன்னதையும் நான் விடவில்லை. பலகையில் அரை மணி, வாரில் கால் மணி. முன்கையில் ரோமம் உதிர ஆரம்பித்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கத்தியால் எதையும் அறுக்கவில்லை. அறுத்தால் மழுங்கிவிடுமே. பாக்கு நறுக்க மனைவியின் அரிவாள்மணையை நாடினேன்.

"கத்தியத் தீட்டறதுக்குனே ஒருத்தன் பொறந்திருக்கறான்" என்று அண்ணன் சிரிப்பார். சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது, அவருக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டேன். ஒருநாள் மத்தியானம் அவர் வேப்பமரத்தடியில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கத்தி கிடந்தது. எடுத்துப் போய்ப் பலகையிலும் வாரிலும் போட்டு, என் வலது முன்கையில் சோதித்து, சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எழுந்து பார்த்து அசந்துபோவார் என்று கிணற்று மேட்டில் காத்திருந்தேன்.

அண்ணன் எழுந்தார். பாக்கை எடுத்தார். மழுங்கின கத்தியோடு பழகிய கை அவருடையது. கத்தி பிடித்த வலது கையின் கட்டைவிரலிலேயே பாக்கை அணைத்து, அலகை விரலை நோக்கி முழு பலத்தோடு அழுத்துவார். அன்றும் அப்படித்தான் அழுத்தினார். பாக்கும் அறுந்தது, விரலும் எலும்பு வரை அறுந்தது.

துணியைச் சுற்றிக்கொண்டு, ஓடிவந்து நின்ற என்னைப் பார்த்தார். என் வலது கை வழுவழுவென்று இருப்பதையும் பார்த்தார். அன்றிலிருந்து என்னோடு பேசவேயில்லை.

பதினைந்து நாள் அவரால் கவலை இறைக்க முடியவில்லை. மாடு கட்டித் தோல்பறியால் நீர் இறைப்பதற்குத்தான் நாங்கள் கவலை என்போம். வடக்கயிற்றைப் பிடிக்கக் கை வேண்டும். உங்கள் முறையையும் நானே ஓட்டுகிறேன் என்று ஆள்மேல் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர் ராகிப் பாத்திகள் என் கண்ணெதிரே காய்ந்தன. அதற்குப் பிறகு விரல் ஆறி அவர் வேலைக்கு வந்துவிட்டார். ஒரு கீறலுக்கா இத்தனை வீம்பு என்று எனக்கும் கோபம் வந்தது. நானும் பேசவில்லை.

ஆனால் ஒரே கிணற்றில் இறைக்கிறவர்கள் பேசாமல் காலம் தள்ள முடியாது. ஆகவே மாடுகளிடம் பேசினோம். "ஏன்டா செவலை, நேத்து மடையைச் சரியா அடைக்காமப் போனது ஆருடா?" என்று அவர் தம் மாட்டைக் கேட்பார். அடுத்த நாள் நான் என் மயிலையின் காதில், ஆனால் பக்கத்துக் காடு வரை கேட்கும்படி, "மடையை எலி பறிச்சிருக்குது மயிலை, கண்ணு இருக்கறவங்க பாத்துக்கட்டும்" என்பேன். இப்படி எட்டு மாதம் போயிற்று. மாடுகள் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டன.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், மயிலை கயிற்றை உருவிக்கொண்டு ஈரத் தட்டைப்பயறுக் கொடியில் இறங்கி வயிறு முட்டத் தின்றுவிட்டது. நான் பார்த்தபோது இடது பக்கம் மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. சுக்கும் பெருங்காயமும் காய்ச்சி நல்லெண்ணெய் கலந்து மூங்கில் குழாயால் ஊற்றினோம். கேட்கவில்லை. நாக்கைத் தள்ளிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. அது போனால் ஜோடி போச்சு, உழவு போச்சு, அந்த வருஷம் விதைப்பே இல்லை. அதற்கும் மேல், அது எங்கள் கட்டுத்தரையிலேயே பிறந்த கன்று. எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

செய்ய வேண்டியது ஒன்றுதான் மிச்சம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் குத்திக் காற்றை வெளியே விட வேண்டும். அப்பா ஒருமுறை செய்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். மடியிலிருந்து என் கத்தியை எடுத்தேன். மூன்று வருஷமாக இந்த ஒரு வேலைக்காகத்தான் இதைத் தீட்டினேன் போலிருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

தீட்டித் தீட்டி அதன் அலகு பாதியாய்த் தேய்ந்திருந்தது. முனை ஈர்க்குச்சி அளவுதான். ஓங்கிக் குத்தினேன். மாடு ஓர் உலுக்கு உலுக்கியது. 'டிக்' என்று முனை ஒடிந்து விழுந்தது. மறுபடி அழுத்தினேன், தாளாய் மெலிந்திருந்த வாய் வளைந்து மடங்கியது. தோலில் ஒரு கீறல், ஒரு பொட்டு ரத்தம். கத்தி பட்ட இடத்தில் மாட்டின் ரோமம் மட்டும் நாவிதர் வந்து போனதுபோல ஒழுங்காகச் சிரைபட்டிருந்தது.

அன்று கிணறு அண்ணன் முறை. கவலையை அப்படியே நிறுத்திவிட்டு அவர் வந்து நின்றதை நான் நிழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தம் கத்தியைத் திறந்து, பிடி என் பக்கம் இருக்க நீட்டினார். துவைக்கிற கல்லில் தேய்ந்த வாய், ரம்பம் மாதிரி பல் பல்லாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். தரையில் வைப்பார்கள், வேண்டியவர் குனிந்து எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் உறவு முறிந்துவிடும் என்று பயம். மாடு செத்துக்கொண்டிருந்தது, நான் அப்போதும் பழக்க தோஷத்தில் தரையைப் பார்த்தேன்.

"புடிறா. முறியறதுக்கு இன்னி நம்மகிட்ட என்ன கெடக்குது" என்றார் அண்ணன். எட்டு மாதத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

வாங்கினேன். "நீங்களே குத்திருங்கண்ணா. எனக்குக் கை நிக்க மாட்டீங்குது" என்றேன்.

அவர் வலது கையை என் முன்னால் நீட்டினார். மற்ற நாலு விரலையும் மடக்கினார். வெட்டுப்பட்ட கட்டைவிரல் மட்டும் குச்சியாக அப்படியே நின்றது.

"இது மடங்காது. அன்னைலிருந்து இப்படித்தான். புடிமானமில்லை, நீயே குத்து."

எட்டு மாதமாக நான் கீறல் என்று சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் கவலை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கயிற்றை இடது கையில் சுற்றிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று என் மாட்டிடம்கூடக் கேட்கவில்லை.

"அழுவறதுன்னா பொறகு அழுவு. மூணு வெரக்கடை கீழ தள்ளிக் குத்து" என்றார்.

குத்தினேன். அந்தக் கரட்டு வாய் தோலைக் கவ்விப் பிடித்து உள்ளே இறங்கியது. அண்ணன் சொன்னபடி, துளை மூடாமல் அலகைத் திருப்பிப் பிடித்தேன். புஸ்ஸென்று காற்று சீறி வந்தது. அண்ணன் மாட்டின் தலையைத் தொடையில் போட்டு அழுத்திக்கொண்டார். என் மனைவி ஆமணக்கு இலையின் காம்பை ஒடித்துக் கொடுத்தாள். உள்ளே ஓட்டையாக இருக்கும் அந்தக் காம்பைக் குத்தின வாயில் செருகினோம். உப்புசம் மெதுவாக இறங்கியது. வெயில் ஏறும் நேரத்துக்கு மயிலை முன்காலை ஊன்றி எழுந்து நின்றது. என் மனைவி புண்ணில் மஞ்சளை வைத்து அப்பினாள்.

அண்ணன் எழுந்து வேட்டியை உதறினார். செவலையும் அதன் ஜோடியும் வடத்தில் பூட்டியபடியே நின்றிருந்தன. கத்திக்காகக் கையை நீட்டினார்.

நான் வாய்க்காலில் அதைக் கழுவினேன். துண்டில் துடைத்தேன். மடக்கினேன். அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, கத்தியை அவர் காலுக்கு முன்னால் ஈரமண்ணில் வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்தார். மடங்காத விரலை வைத்துக்கொண்டு சேற்றிலிருந்து அதைப் பற்றி எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. இரண்டு தரம் நழுவியது. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று என் கை பரபரத்தது. கொடுக்காமல், அவர் எடுத்து முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தேன்.