வெளிநாட்டு முட்டி

பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிப்பார். எதிரே இருப்பவர் சளிக்கு மருந்து வாங்க வந்தவராக இருந்தாலும் விடமாட்டார். முட்டியின் நடுவே நெடுக ஓடும் தழும்பைத் தடவிக்கொண்டே, "தொட்டுப் பாருங்க, சும்மா தொட்டுப் பாருங்க. ஃபாரின் வேலைங்க!" என்பார். தொடாமல் தப்பித்தவர்கள் குறைவு.

எங்கள் தெரு கிளினிக்கின் காத்திருப்பு அறையில் ஜன்னலோர நாற்காலி அவருக்கென்றே ஆகிவிட்டது. மின்சார ஆபீஸில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் 'ஃபாரின் முட்டி' என்றால்தான் தெரியும். காலில், முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட வெளிநாட்டு ஆஸ்பத்திரி கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்பு. அறைக்குள் நடக்கக் கொடுத்ததை மழைச் சேற்றிலும் போட்டு நடந்து, இப்போது தரை துடைக்கிற துணியின் நிறத்துக்கு வந்துவிட்டது. தூக்கிப்போட மனசில்லை.

சர்க்கரை பார்க்க வாரந்தோறும் போகிற எனக்கு அவருடைய பயணக் கதை மனப்பாடம். விமான நிலையத்தில் பெயர்ப்பலகையோடு ஆள் நின்றது, டாக்டர் எழுந்து வந்து கைகொடுத்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசியது. "'சார்'னு கூப்பிட்டாருங்க! இங்க நம்மாளு நிமிர்ந்தாவது பாக்குறாரா?"

நம் டாக்டர் நிமிர்ந்து பார்க்கமாட்டார் என்பது உண்மைதான். வெளியே அத்தனை கூட்டம். ஆனால் இவர் கடல் தாண்டிய காரணம் அதுகூட இல்லை என்று அவர் மனைவியே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். முதல் தடவை இங்கே வந்தபோது, ஆபீஸில் தனக்கு டீ வாங்கி வந்த பியூனுக்குப் பின்னால் வரிசையில் உட்கார வேண்டியதாயிற்றாம். வீட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

திரும்பி வந்த பிறகு முட்டியில் நீர் கோத்துக்கொள்கிறது. அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் கேட்கிறது. "பின்வாசலா வந்து நீரை எடுத்துக்குவாரு. அப்புறம் சுத்திக்கிட்டு முன்வாசலா வந்து உக்காந்து எங்களையே திட்டுவாரு" என்று நர்சம்மா ஒருநாள் சொல்லிச் சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போன வாரம் பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். டிரைவருக்கு இதயத்தில் அடைப்பு. இந்த வாரமே பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். சம்மதம் சொல்ல வந்த மனிதரை இவர் மடக்கிக்கொண்டார்.

"நெஞ்சைப் பிளக்குற வேலை தம்பி. இங்கயா குடுப்பீங்க? ரெண்டு மாசம் பொறுங்க, விசாவுக்கு நான் ஆள் சொல்றேன்."

"டாக்டர் அவசரம்ங்கறாரே..."

"அவசரப்படுத்தாம அவங்க எப்படிப் பொழைக்கிறது?"

டிரைவர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பாவம், பயந்து போயிருந்தார். "உங்களுக்கு இப்ப வலியே இல்லையாண்ணே?"

"வலியா!" பேன்ட் சுருண்டது. எழுந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, நல்ல காலைத் தூக்கினார். வெளிநாட்டு முட்டியை மட்டும் நம்பி நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா? தூண் மாதிரி!"

டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு மாசந்தானே, பொறுத்துப் பாப்பமா?"

அந்த அம்மாள் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால், இவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை தெரியும். நரம்பு புடைத்து, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது அந்தக் கை.

"எந்திரிங்க. உள்ள போயி சரின்னு சொல்லிட்டு வந்துரலாம்" என்று கணவரின் கையைப் பிடித்து எழுப்பினார். டாக்டர் அறையின் கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

இவர் தூக்கிய காலை மெல்ல இறக்கினார். கம்பியை மட்டும் விடவில்லை. அதைப் பிடித்தபடியே குனிந்து, இன்னொரு கையால் பேன்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.