சாமைப் பெட்டியும் அப்பாவின் மிசினும்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு முதன்முதலாகக் கதிரடிக்கும் மிசின் கொண்டுவந்தவர் என் அப்பாதான். அம்மா வளர்த்த ஆடுகளையெல்லாம் விற்று, கலசப்பாக்கம் பக்கம் யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கி, டிராக்டரின் பின்னால் கட்டி மலையேற்றினார். முதல் அறுப்பில் எங்கள் சாமையை அடித்துக் கொடுத்தது. மற்றவர்களுடைய கதிரெல்லாம் களத்துக்கு வந்து சேர்ந்த அன்று உள்ளே ஏதோ உடைந்து நின்றுவிட்டது. வேலூர்வரை அலைந்தும் மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை. அப்பா அதைக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாயைப் போர்த்திவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மிசின் என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. தையல் மிசினைக்கூட அம்மா ‘தைக்கிறது’ என்றுதான் சொல்வாள்.

மிசின் நின்று இரண்டு வருஷம் கழித்து எலித்தொல்லை அதிகமானது. மூட்டையில் கட்டி வைத்த சாமை எங்களுக்கு முன்னால் எலிகளுக்குப் போனது. ஆலங்காயத்தில் மரக்கடையில் வேலை பார்த்த என் தாய்மாமன், காற்றில் சாய்ந்த எங்கள் பலாமரத்துப் பலகையில் பெரிய பெட்டி செய்து தருவதாக வந்தார். பலகை போதும், கீலுக்கும் மூலைப்பட்டைக்கும் இரும்பு இல்லை. அம்மா கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அப்பா அன்று காலையில்தான் புளி விற்க ஜமுனாமரத்தூர் போயிருந்தார்.

“மாமா இன்னா சொல்வாரோக்கா” என்று தாய்மாமன் அப்பாவை நினைத்துத் தயங்கினார்.

“இன்னா சொல்வாரு? ரெண்டு வருசமா ஒண்ணும் சொல்லாமத்தான இருக்காரு. நீ கழட்டு, வந்தா நான் பாத்துக்கறேன்.”

மிசின் மூடியின் கீல்கள் எளிதாக வந்தன. பெரிய சக்கரத்தைப் பிடித்திருந்த மரை மட்டும் அசையவில்லை. மாமா ஸ்பேனரில் தொங்கினார், சுத்தியலால் அடித்தார், அதன் பரம்பரையையே திட்டினார். அந்தச் சத்தத்தில் அப்பா வந்து நின்றதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்ற அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தார்ப்பாய்க்குள் புகுந்துகொண்டேன்.

அப்பா பையைக் கீழே வைத்தார். பிரித்துப்போட்ட மிசினைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“அது எடது மரை, மச்சான். மத்தப் பக்கமா சுத்து.”

மாமா எழுந்து ஒதுங்கினார். அப்பாவே ஸ்பேனரை வாங்கித் திருப்பினார். மரை முனகிக்கொண்டு கழன்றது. பிறகு அவர் நிறுத்தவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஒவ்வொரு பாகமாக எடுத்து, “இது மூலைக்கு ஆவும், இது தாழ்ப்பாளுக்கு ஆவும்” என்று மாமாவிடம் நீட்டினார். ஓடாத பெல்ட்டை அறுத்துக் கைப்பிடி ஆக்கினார்கள். பெட்டி மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, எலி நுழையாதபடி சல்லடைத் தகட்டை அடித்தார்கள். அம்மாவும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் ஒருவரையொருவர் குறுக்கிட்டுப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவு பேச்சை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

இரண்டாம் நாள் பெட்டி முடிந்தது. ஒரு கன்றுக்குட்டி படுக்கலாம், அவ்வளவு பெரியது. நாலு பக்கமும் பிடித்து வாசலுக்குத் தூக்கினோம். நிலைப்படியில் இடித்து நின்றது. சாய்த்தோம், திருப்பினோம், தலைகீழாகவும் பார்த்தோம். பெட்டி உள்ளே போவதாக இல்லை. வீட்டை அளக்காமல் பெட்டியைச் செய்திருந்தோம்.

மாமாவின் முகம் சுண்டிப்போனது. “நான்தான் பாத்திருக்கணும்” என்றார். பழைய அமைதி திரும்ப வந்துவிட்டது என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார்.

“வுடு மச்சான். கழட்டி உள்ள கொண்டுபோய் மாட்டிக்கலாம். மிசின ஓட்டத்தான் தெரியல, கழட்டக்கூடவா தெரியாது எனக்கு?”

அம்மா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். மாமா பயந்து பயந்து சேர்ந்துகொண்டார். அப்படிச் சிரிக்க அந்தப் பேச்சில் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பெட்டி உள்ளே போகாததற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, எல்லோரையும்விடச் சத்தமாக நானும் சிரித்தேன்.