சென்சார் அக்கா கட்டைவிரலைக் கவிழ்த்த தொடர்

பெரிய விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். அங்கே அவளுக்கு 'சென்சார் அக்கா' என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளக் காகிதத்தோடு சரி. டிவியில் வருகிற தொடரோ படமோ, அவள் பார்த்துவிட்டு வந்து வாயைத் திறந்தால்தான் மற்றவர்கள் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

"அக்கா, அந்தப் பேய்த் தொடர் எப்படி?" என்று துண்டு மடிக்கிறவள் கேட்பாள்.

"அந்தப் பேய்க்குத்தான் வேலை இல்ல, நமக்குமா இல்ல? எட்டுப் பாகமும் கதவைத் திறந்து திறந்து மூடுது. கீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தா முதல் பாகத்துலயே கதை முடிஞ்சிருக்கும்."

அவளுக்கு எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் தொடரைப் பொறுக்குவாள். வெளியூரில் இருக்கும் மகள் டிவியைப் பொருத்திக் கொடுத்தபோது, "பிடிச்சா மேல பாத்த கட்டைவிரல் படத்தை அமுக்கு, பிடிக்கலைன்னா கவுந்த கட்டைவிரல். அவ்வளவுதான்மா" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். அன்று முதல், பிடிக்காத தொடருக்குக் கட்டைவிரலைக் கவிழ்க்காமல் அவள் டிவியை அணைத்தது கிடையாது.

புருஷன் லிப்ட் மெக்கானிக். அவள் குப்பை என்று சொன்னால் போதும், அந்தக் குப்பைக்கு அவர் வக்கீலாகிவிடுவார். முப்பது வருடக் குடித்தனமே இந்த வழக்கில்தான் ஓடியது. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் ஒரே மூச்சில் வாரிக்கொண்டு போனது. மிச்சம் இருந்தது கண் மட்டும். அதுவும் பாதி நேரம் கூரையில்.

புதன்கிழமைதோறும் மருத்துவமனையிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருவாள். போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்ககிட்ட மறைக்க மனசு வரலைம்மா. அடுத்த புதன் ஒரு சத்தமாவது நான் என் காதால கேக்கணும். இல்லைன்னா இந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துருவாங்க. வரிசையில நிறைய பேர் நிக்கிறாங்க."

மறுநாள் சாயங்காலம், கஞ்சி ஊட்டிக்கொண்டே அவள் ஒரு கொலைத் தொடரின் நாலாம் பாகத்தை ஓட்டினாள். செத்தவனுடைய தம்பி மழையில் நின்று அழுதுகொண்டிருந்தான்.

"இவன்தான் கொன்னிருக்கான். அழுற லட்சணத்தைப் பாருங்க" என்றாள்.

"ம்ஹூம்."

கரண்டி கை நழுவியது. அவர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாகக் கோணியிருந்தது. மூன்று மாதத்தில் முதல் சத்தம், அதுவும் மறுப்பு! அவள் அவர் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பாகம் முடியும்போது தொடரில் செத்தவனுடைய பெண்டாட்டி ரத்தம் தோய்ந்த விரிப்பைக் கொதிக்கிற வெந்நீரில் அமுக்கி, பால் மாதிரி வெளுப்பாக எடுத்தாள். அழுகையோடு அழுகையாக சென்சார் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தக்கறையை வெந்நீரில் போட்டால் ஜென்மத்துக்கும் போகாது, பச்சைத் தண்ணீர்தான். இதுகூடத் தெரியாதவன் எடுத்த தொடர். பழக்க தோஷத்தில் கட்டைவிரலைக் கவிழ்த்துவிட்டு அணைத்தாள்.

அடுத்த நாள் அந்தச் சத்தத்தை மறுபடி வரவைக்கலாம் என்று பார்த்தால், அந்தத் தொடரைக் காணோம். டிவியை மேலும் கீழும் தேடினாள். மற்ற முகங்களெல்லாம் இருந்தன, அந்த மழை மட்டும் இல்லை. சலவைக்கூடத்தில் ஆளுக்கொரு போனில் தேடிக் கை விரித்தார்கள். மகளைக் கூப்பிட்டாள்.

"அதைக் காட்டுற தவணை முடிஞ்சுதும்மா, எடுத்துட்டாங்க. வேற எங்கயும் இல்ல."

"நான் விரலைக் கவுத்தேன்டி. அதான் தூக்கிட்டாங்க."

"ஒருத்தர் அமுக்கினா எடுக்க மாட்டாங்கம்மா!"

"நீ பாத்தியா? நான் சொன்னா எங்க கூடத்துல முப்பது பேர் பாக்கறதில்ல. அவங்க மட்டும் கேக்காமலா இருப்பாங்க? ஒரு கடுதாசி போடு. அம்மா தெரியாம அமுக்கிட்டாங்க, மன்னிச்சுக்கோங்கன்னு எழுது."

மகள் போனிலேயே விசும்பினாள். அக்கா நம்பவில்லை. வாயால் வந்ததைக் கையால் கெடுத்தோம் என்றே அடித்துச் சொன்னாள். ஐந்து நாளும் வேறு வேறு கொலைகளை ஓட்டி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொலைகாரர்கள் என்றாள். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

புதன் வந்தது. பயிற்சிப் பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். பூனை, சாவி, குடை. ஒன்றும் நடக்கவில்லை. பெருமூச்சு விட்டு, முடிவு எழுதும் காகிதத்தை எடுத்தாள்.

"கொஞ்சம் இரும்மா" என்று சென்சார் அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அந்தத் தொடரை வாயாலேயே ஓட்டினாள். மழையைச் சொன்னாள், தம்பியைச் சொன்னாள், அவனைத் திட்டினாள், தொண்டை கட்டும்வரை திட்டினாள். அவர் மூச்சுகூட மாறவில்லை. பயிற்சிப் பெண் பேனாவை மூடி எழுந்து வாசலுக்குப் போனாள்.

அக்கா திட்டுவதை நிறுத்தினாள். அவருடைய செத்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஜெயிச்சீங்க. அது நல்ல தொடர்தான். எனக்குத்தான் பாக்கத் தெரியல. வெந்நீர்ல போட்டாலும் ரத்தக்கறை போகும். போதுமா?"

அவர் கண் கூரையை விட்டு இறங்கி அவள் முகத்தில் வந்து நின்றது.

"ம்ஹூம்."

ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர் என்பது முப்பது வருடமாக அவள் அலுக்காமல் சொல்லி அவர் கேட்ட பாடம். அதை அவள் வாயே மாற்றிச் சொன்னால் மனுஷன் எப்படி ஒப்புவார்?

வாசலில் ஒரு கால் செருப்போடு அந்தப் பெண் திரும்பி நின்றாள். "இப்ப கேட்டது... இருமல் இல்லையே? இன்னொரு தடவை வரவைங்கம்மா. சந்தேகத்தோட எழுத முடியாது."

பேனா மூடி திறந்தது. சென்சார் அக்கா கண்ணைத் துடைத்தாள். வாழ்நாளில் பொய்க்கு ஒரு படத்தையும் புகழ்ந்து அறியாதவள், அவர் முகத்தருகே குனிந்தாள்.

"அந்தப் பேய்த் தொடர் இருக்கே," என்று ஆரம்பித்தாள், "அடடா, என்ன ஒரு கதை தெரியுமா..."